கயிற்றுக் கட்டிலும் ஹெட்லி பர்ஸ்லோவும்

ஒவ்வொரு நாற்காலியின் மீதும் ஒரு காய்ந்த முள்பூவை வைத்துக்கொண்டே வருகிறார் ஹெட்லி பர்ஸ்லோ. பழுப்பேறிய, தொட்டால் சுருக்கென்று குத்துகிற பூ. பட்டுத் துணி போர்த்திய பழைய நாற்காலிகளில் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது. ஆனால் ‘உட்காராதீர்கள்’ என்று எழுதி மாட்டுவது மரியாதைக் குறைவு. ஆகவே ஹெல்மரிட்ஜ் மாளிகையில் முள்ளை வைத்துவிட்டு மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஹெட்லி ஓரடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பூ நாற்காலியின் நட்டநடுவில்தான் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் விரல்கடை அளவு நகர்த்துவார். பிறகு வலத்தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்த நாற்காலிக்குப் போவார். பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள். மாளிகைக் கதவு திறக்க இன்னும் நேரமிருக்கும். இருந்தாலும் பார்ப்பார்.

தொழில் விட்டுப்போன பிறகும் உடம்பில் தங்கிவிட்ட மிச்சம் அது. முப்பது வருடத்துக்கு மேல் ஹெட்லி டிரைவிங் லைசென்ஸ் தேர்வு அதிகாரியாக இருந்தவர். ஹெல்மரிட்ஜ் ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்தவர்கள். மீதிப்பேர் அவருக்குப் பயந்து பக்கத்து ஊரில் போய்த் தேறியவர்கள். “வருத்தமா இருக்கு, நீங்க தேறலை” என்ற வாக்கியத்தை அவர் வருத்தத்தின் சாயல் சிறிதுமில்லாமல், ஒரே சுருதியில் சொல்வாராம். பொய்யாகப் பரிதாபப்படுவது தேர்வுக்கு வந்தவரை ஏமாற்றுவது என்பது அவர் கட்சி.

ஊர் இதை மறக்கவில்லை. கசாப்புக்கடை நார்மன் நான்கு தடவை தோற்றவர். இன்றைக்கும் ஹெட்லிக்குக் கறி நிறுக்கும்போது, “எலும்பு கொஞ்சம் கூடிப்போச்சு மிஸ்டர் பர்ஸ்லோ. உள்ளத உள்ளபடி சொல்லிடணும் பாருங்க, நீங்களே கத்துக்குடுத்தது” என்பார். ஊர் மதுக்கூடத்தில் மேசைகள் நிரம்பும்போது ஹெட்லிக்குப் பக்கத்து இருக்கைதான் கடைசியாக நிரம்பும். ஒரு சின்ன அடைப்புக்குள் அவரோடு தோளுரசி உட்காருவது என்றாலே அந்த ஊர்க்காரர்களுக்குத் தாமாகவே உள்ளங்கை ஈரமாகிவிடுகிறது.

பணி ஓய்வுக்குப் பின் மாளிகையில் தொண்டராகச் சேர்ந்தார். மாளிகையை நடத்தும் அறக்கட்டளை அவருக்குக் கொடுத்த இடம் மாடியில் உள்ள பெரிய படுக்கையறை. வருகிறவர்களை அவர் வரவேற்கும் விதத்தில் பழைய தொழில் நன்றாகவே தெரியும். “கயிறு கட்டின பாதையிலயே நேரா போய்க்கிட்டு இருங்க. நான் சொன்னா மட்டும் திரும்புங்க. சௌகரியப்படும்போது, ஜன்னலுக்குப் பக்கத்துல, பத்திரமா ஒரு எடம் பாத்து நில்லுங்க.” வேலையில் இருந்த காலத்தில் இதைக் கேட்டு ஸ்டியரிங்கைத் தப்பான பக்கம் திருப்பியவர்கள் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஏதோ வேடிக்கை என்று சிரிப்பார்கள். கூட்டம் கட்டிலை நெருங்கிவிட்டால் மட்டும் ஹெட்லியின் வலது கால் தரையை அழுத்தும், பிரேக்கை மிதிப்பதுபோல. கம்பளத்தில் அந்த இடம் மட்டும் தேய்ந்திருக்கிறது.

கட்டில் பெரியது. ஓக் மரம், நான்கு தூண், மேலே துணி விதானம். மெத்தைக்கு அடியில் பலகை கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. கட்டிலைத் தொடக் கூடாது என்பதால் அதே மாதிரி ஒரு சின்னச் சட்டத்தில் கயிறு கட்டிக் காலடியில் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு மரச்சாவியும் உண்டு. ஹெட்லி முதலில் சட்டத்தின் மேல் கையை வைத்து அழுத்துவார். கயிறு தொய்யும்.

“நாலு நாள் படுத்தா இப்படித்தான் குழி விழும். முதுகு என்னத்துக்கு ஆகும்? அதனால தினம் ராத்திரி வேலைக்காரப் பையன் வந்து...”

இங்கே சாவியைச் செருகித் திருகுவார். கயிறு கிறீச்சென்று முனகிக்கொண்டு இறுகும். அந்தச் சத்தம் தேயும்வரை காத்திருப்பார்.

“...இறுக்கிட்டுப் போவான். படுக்கப் போறப்ப உங்கம்மா உங்ககிட்ட என்ன சொல்வாங்க?”

“குட் நைட், ஸ்லீப் டைட்!” என்று கூட்டம் ஒரே குரலில் சொல்லும். அப்படிச் சொல்லி விளக்கணைக்காத வீடு ஆங்கிலம் பேசும் அந்த நாட்டில் கிடையாது. ‘டைட்’ என்றால் இறுக்கம். தூக்கத்தில் என்ன இறுக்கம் என்று ஆயுளில் ஒருதரமாவது யோசித்துவிட்டு, விட்டுவிட்டவர்கள் அவர்கள். இப்போது கயிறு பதில் சொல்லிவிட்டது. முகங்கள் மலரும். யாராவது ஒருவர் இன்னொருவரின் தோளை இடிப்பார். எல்லாரும் ஓரடி முன்னால் வருவார்கள், ஹெட்லியை நோக்கி. அடுத்து விதானத்தைக் காட்டுவார். ஓலைக்கூரை மேல் கதகதப்புக்காகப் படுத்துக் கிடந்த நாயும் பூனையும் பெருமழையில் வழுக்கிக் கட்டில் மேலேயே விழுமாம். அதற்குத்தான் விதானம், அதனால்தான் கொட்டும் மழையைப் பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்கிற பேச்சு. ஹெல்மரிட்ஜ் மாளிகைக்கு ஓலைக்கூரை என்றைக்கும் இருந்ததில்லை. கட்டிய நாளிலிருந்து கற்பலகைதான். அதை யாரும் கேட்டதுமில்லை.

இரண்டு கதையும் பொய். அது ஹெட்லிக்கு நன்றாகத் தெரியும்.

அதுதான் இந்த மனிதரில் உள்ள விசித்திரம். வீட்டில் ஒரு சுவர் முழுக்க இருபது தொகுதி அகராதி வைத்திருக்கிறார். நூலகம் கழித்துப் போட்டபோது வாங்கி, காரில் மூன்று நடையாகக் கொண்டுவந்தது. காலையில் கஞ்சி குடித்துக்கொண்டே நாளுக்கு ஒரு சொல் பார்ப்பார். ‘டைட்’டுக்குப் பழைய பேச்சில் ‘நன்றாக, அசங்காமல்’ என்று ஒரு பொருள் உண்டு. தூக்கத்தோடு அது சேர்ந்து எழுத்தில் வருவதோ ரொம்பப் பிந்தி. கட்டில் கயிற்றுக்கும் அதற்கும் உறவு என்பதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை. பூனை நாய் மழை எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் அவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பிரசங்கத்தில், ‘சின்சியர்’ என்ற சொல்லுக்கு லத்தீனில் ‘மெழுகில்லாத’ என்று பொருள், விரிசலை மெழுகால் அடைத்து ஏமாற்றாத சிற்பியின் நேர்மையைக் குறிப்பது அது என்று உருகிச் சொன்னார். வழிபாடு முடிந்ததும் தேவாலய வாசலில் ஹெட்லி அவர் கையைக் குலுக்கி, “நல்ல பிரசங்கம். ஆனா அந்த மெழுகு சமாச்சாரம் தப்பு. சுத்தம்னு அர்த்தம், அவ்வளவுதான். மெழுகெல்லாம் பின்னால யாரோ ஒட்டினது” என்றார். பாதிரியாரின் முகம் கழுவிவிட்டதுபோல் ஆயிற்று. பாதிரியாரும் இரண்டு தடவை தோற்றவர்தான்.

மனைவி கிளெனிஸுக்கு இது ஒருநாளும் விளங்கியதில்லை.

“நாப்பது வருஷமா என்கிட்ட உண்மைய மட்டுந்தான் பேசியிருக்கீங்க. கேக் எப்படி இருக்குன்னா காஞ்சிருக்கு. இந்தத் தொப்பி எப்படி இருக்குன்னா விளக்குக் கூடு மாதிரி இருக்கு. முன்னப்பின்ன தெரியாதவங்களுக்குப் போய் கயிறு திரிக்கிறீங்களே, எனக்கு ஒரு தொப்பிக்காவது பொய் சொல்லியிருக்கக் கூடாதா?”

“அது விளக்குக் கூடு மாதிரிதானே இருந்துச்சு” என்பார் ஹெட்லி.

பொய்யைத் தொடங்கிவைத்தவரும் அவரில்லை. சேர்ந்த புதிதில் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மழைநாள் ஒன்றில் ஒரு பெண்மணி கயிற்றைப் பார்த்துவிட்டு, “அடடே, ஸ்லீப் டைட்டுங்கிறது இதுதானா!” என்று தானே கண்டுபிடித்துச் சொன்னார். மறுப்பதற்காக ஹெட்லி வாயைத் திறந்தவர், அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். தேர்வில் தேறியவர்களின் முகமும் மலரும்தான். ஆனால் அது கார்க் கதவைப் பார்த்து மலரும் முகம். ஒரு மூடிய இடத்தில், அவரைப் பார்த்தே ஒருவர் மலர்ந்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் மரச்சாவியைத் திருகக் கற்றுக்கொண்டார்.

தொண்டர்கள் நடுவில் இதற்கெல்லாம் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் ஒரு அறைக்குச் சொந்தம். ரொட்டியின் மேல்பக்கம் எசமானுக்கு, கருகின அடிப்பக்கம் வேலைக்காரனுக்கு, அதனால்தான் பெரிய மனிதர்களுக்கு ‘அப்பர் க்ரஸ்ட்’ என்று பெயர் என்பதைச் சமையலறையில் மட்டுமே சொல்லலாம். ஏதோ ஒரு ராஜா விருந்தில் மாட்டின் இடுப்புக்கறியில் சொக்கிப்போய், வாளை உருவி அதற்கு ‘சர்’ பட்டம் கொடுத்தார், அன்றிலிருந்து அது ‘சர்லாய்ன்’ என்பது சாப்பாட்டு அறையின் சொத்து. சாப்பாட்டு அறை தெல்மா பெடோஸின் பொறுப்பு; மேசையில் சுண்ணாம்பால் செய்த கறித்துண்டு ஒன்று தட்டில் மின்னிக்கொண்டிருக்கும், தெல்மா அதற்கு ஒரு முட்கரண்டியால் பட்டம் கொடுப்பார். ஒருதரம் ஹெட்லி படுக்கையறையில் பேச்சுவாக்கில் சர்லாய்னைச் சொல்லிவிட்டார். ஆட்கள் கீழே சாப்பாட்டு அறைக்கு இறங்கியபோது, தெல்மா வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் கதை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகு தேநீர் வேளையில் ஈஸ்டர்வரை ஹெட்லி பக்கம் பிஸ்கட் தட்டு நீளவில்லை. இரண்டுமே பொய் என்பது வேறு விஷயம். பொய்யிலும் எல்லைக்கல் உண்டு.

இப்படி ஓடிக்கொண்டிருந்த மாளிகைக்கு இந்த வசந்தத்தில் புதிய மேலாளர் வந்தார். ரோவினா மெட்லிகாட், நாற்பதை எட்டிய பெண். வந்த முதல் திங்கட்கிழமையே தொண்டர்களைப் பழைய சமையலறைக்குக் கூப்பிட்டார். வாசலில் நின்றுகொண்டு, “வாங்க, வாங்க, உள்ள போங்க” என்று வலக்கையை உயர்த்தி, உள்ளங்கையை மேலாக வைத்து, விரல்களை இரண்டு தரம் மடக்கி ஒவ்வொருவரையும் உள்ளே அனுப்பினார். வரிசையில் வந்த ஹெட்லி அந்தக் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முகங்கள் அவருக்கு நினைவில் தங்குவதில்லை. குறைகள் தங்கும்.

“தலைமை அலுவலகத்துலேருந்து உத்தரவு” என்று ரோவினா ஆரம்பித்தார். “ஆதாரமில்லாத சொற்கதை எந்த அறையிலயும் சொல்லக் கூடாது. ‘அப்படின்னு சொல்லுவாங்க’ன்னு வால் ஒட்டிச் சொன்னாலும் கூடாது. நான் ஒவ்வொரு அறையா வந்து நின்னு கேப்பேன். விடாம சொல்றவங்களுக்கு வேற இடம் பாக்கணும்.”

“வேற இடம்னா?” என்றார் தெல்மா.

“கார் நிறுத்துற இடம்.”

தொண்டர்களின் ஏணியில் கடைசிப் படி அது. மாளிகையை விட்டுத் தள்ளி ஈர வயல், மஞ்சள் சட்டை, ஒவ்வொரு காரையும் இப்படி வா, அப்படிப் போ என்று நாள் முழுக்கக் கைகாட்டுகிற வேலை.

“அப்ப சாப்பாட்டு அறையில நான் என்னத்தச் சொல்றது கண்ணு?” என்றார் தெல்மா. “இது மேசை, இது நாற்காலின்னா?”

“மேசைய யார் செஞ்சாங்கன்னு சொல்லலாமே.”

“அதுவும் தெரியாதே!”

“தெரியாதுன்னு சொல்லலாம்.”

“தெரியாதுங்கிறதக் கேக்கவா காசு குடுத்து உள்ள வர்றாங்க? அது அவங்க வீட்லயே நெறய இருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள், ரோவினாவும்தான். கூட்டம் கலைந்ததும் ஹெட்லி தயங்கித் தயங்கி அவரிடம் வந்தார்.

“நாம முன்னாலயே சந்திச்சிருக்கோம்.”

“மூணு தடவை, மிஸ்டர் பர்ஸ்லோ.” மற்றவர்களுக்கெல்லாம் அவர் ஹெட்லிதான். தோற்றவர்கள் மட்டும் மிஸ்டர் போடுவார்கள்.

“மூணாவது... பால்பண்ணை வளைவு. நடந்துபோறவங்களுக்குக் கை காட்டினீங்க.”

“ஒரு வயசான அம்மா. ரெண்டு கையிலயும் பை, மழை வேற. காரை நிறுத்திட்டுப் போங்கன்னு கை காட்டினேன். வேற ஒரு தப்பும் நான் பண்ணலை.”

“கை காட்டக் கூடாது. நிறுத்தலாம். போறதும் போகாததும் அவங்க பாடு. எதிர்ல வர்ற வண்டிக்காரன் உங்க கைய நம்பி நிக்கமாட்டான்.”

“எதிர்ல வண்டியே வரலையே.”

“வந்திருந்தா?”

“மாறவே இல்ல நீங்க” என்றார் ரோவினா, கோபம் இல்லாமல். “அதுக்கப்புறம் நான் ஸ்டியரிங்கத் தொடலை. பஸ்ல வந்து வெளி வாசல்லேருந்து நடக்கிறேன். மரங்கள் நல்லா இருக்கு. சனிக்கிழமை உங்க அறைக்கு வர்றேன்.”

அந்த வாரம் ஹெட்லி உண்மை பேசிப் பழகினார். சட்டம், உத்தரவு என்றால் மதிக்கிறவர் அவர். மதிக்காதவர்களைத்தான் முப்பது வருடம் தோற்கடித்தார். செவ்வாய்க்கிழமை வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மனைவி கயிற்றைக் கண்டதும், “இதுலேருந்துதானே ஸ்லீப் டைட் வந்துச்சு?” என்றார்.

“இல்லைங்க. அதுக்கு ஒரு ஆதாரமும் இல்ல. டைட்டுன்னா அங்க ‘நல்லா’ன்னு அர்த்தம்.”

“ஓ” என்றார் அந்த அம்மாள்.

அந்த ‘ஓ’ ஹெட்லிக்குப் பழக்கமானது. இடப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, நிறுத்திய காரில், வாழ்நாள் முழுக்கக் கேட்டது.

“அப்ப இந்தக் கட்டில்ல என்னதான் விசேஷம்?” என்றார் கணவர்.

“ஓக் மரம்.”

அவர் கட்டிலை ஒருதரம் பார்த்தார். கைக்கடிகாரத்தை ஒருதரம் பார்த்தார். “கீழ கேக் கிடைக்குமில்ல?” என்றார். போய்விட்டார்கள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். ஆட்கள் ஒரு வாசல் வழியாக வந்து இன்னொரு வாசல் வழியாகப் போனார்கள், ரயில் நிலையத்தில் போவதுபோல. யாரும் ஓரடி முன்னால் வரவில்லை. ஹெட்லியின் வலது காலுக்கு வேலையே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம், கிளெனிஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டார். “இவ்வளவு யோசிப்பானேன்? உண்மை பேசினா ஒட்டலை, பொய் பேசினா கார் நிறுத்துற வேலை. அங்கதான் போங்களேன். நல்ல காத்து.”

“அங்க யாரும் கார்க் கண்ணாடிய இறக்கமாட்டாங்க, கிளெனிஸ்.”

கிளெனிஸ் உரிப்பதை நிறுத்தினார். பிறகு அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மழை. ஹெட்லி நல்ல டையைக் கட்டிக்கொண்டு வந்தார். முள்பூக்களை வைத்தார்; நகர்த்தினார்; மறுபடி நகர்த்தினார். ரோவினா கையில் எழுதுபலகையோடு வந்து ஜன்னலோரம் நின்றார். முகத்தில் ஒன்றுமில்லை. “நான் இல்லைன்னு நெனச்சுக்கிட்டு, எப்பவும் போல செய்யுங்க” என்றார்.

அந்த வாக்கியத்தை ஹெட்லி எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பார்! அதற்கு மறுபக்கம் எப்படி இருக்கும் என்பது இன்றுதான் தெரிந்தது. உள்ளங்கை நனைந்துவிட்டது. மடித்த கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். துடைப்பதை ரோவினா பார்த்தாரோ என்று பார்த்தார். பார்த்திருந்தார்.

முதலில் வந்த கூட்டத்துக்கு ஓக் மரத்தைப் பற்றிச் சொன்னார். தூண்களில் செதுக்கிய திராட்சைக் கொத்தைப் பற்றிச் சொன்னார். ஒருவர் மழையைப் பார்த்துக்கொண்டே பூனை நாய் பற்றிக் கேட்டார். “யாருக்கும் தெரியாதுங்க” என்றார் ஹெட்லி. குரல் பழைய ஒரே சுருதிக்கு வந்துவிட்டிருந்தது. கூட்டம் நகர்ந்தது. ரோவினா பலகையில் ஒரு சரிக்குறி போட்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்னும் ஒரு கூட்டம் இப்படிப் போனால் படுக்கையறை அவருக்குத்தான்.

அப்போதுதான் படிக்கட்டில் அந்தக் குரல் கேட்டது.

“இவர்தான்! நான் சொல்லலை? இவரேதான்!”

ஊதா மழைக்கோட்டில் ஒரு பெண்மணி, அறுபதுக்கு மேல் இருக்கும். இரண்டு கையிலும் மாளிகைக் கடையில் வாங்கிய பைகள். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு அவருடைய அக்கா; அதே மூக்கு, ஆனால் எதையும் நம்பாத மூக்கு.

“என்னை நினைவிருக்காது உங்களுக்கு” என்றார் ஊதாக் கோட்டுக்காரர். “போன வருஷம் வந்தேன். நீங்க அந்தச் சாவியத் திருகி, கயித்தை இறுக்கி, ஸ்லீப் டைட் எப்படி வந்துச்சுன்னு சொன்னீங்க. வீட்ல போய் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுல எல்லார்கிட்டயும் சொன்னேன். இவ என்னன்னா...”

“புருடான்னேன்” என்றார் அக்கா. “இவ எதைச் சொன்னாலும் நம்புவா. சின்ன வயசுல நிலாவுல வெண்ணெய்க்கடை இருக்குன்னு நான்தான் சொன்னேன். ஸ்கூலுக்குப் போற வரைக்கும் நம்பிக்கிட்டிருந்தா.”

“பாத்தீங்களா? பேரப்பசங்க முன்னால இதையே சொல்லிச் சொல்லி மானத்த வாங்குறா. அதான் ரெண்டு பஸ் மாறி இழுத்துக்கிட்டு வந்திருக்கேன். நான் ஒண்ணும் பேசமாட்டேன். நீங்களே சொல்லுங்க. அன்னிக்குச் சொன்ன மாதிரியே.”

அவர் பைகளைக் கீழே வைக்கவில்லை. அப்படியே கயிறு கட்டிய எல்லைவரை வந்து, ஓரடி முன்னால் சாய்ந்து நின்றார். அக்கா கையைக் கட்டிக்கொண்டார்.

ஹெட்லியின் வலது கால் கம்பளத்தை அழுத்தியது. உண்மையைச் சொன்னால் இந்த அம்மாள் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் முட்டாளாவார். அவரை முட்டாளாக்கியவர் போன வருடத்து ஹெட்லி. பொய்யைச் சொன்னால் ஜன்னலோரம் பேனா தயாராக இருக்கிறது. ஈர வயலும், மஞ்சள் சட்டையும், ஏற்றிவிட்ட கார்க் கண்ணாடிகளும் காத்திருக்கின்றன. வாயைத் திறந்தார். மூடினார். ‘தேவையற்ற தயக்கம்’: அதுவும் ஒரு குறைதான், இதற்காக மட்டுமே அவர் திருப்பி அனுப்பியவர்கள் அநேகம் பேர்.

“என்ன, மறந்துபோச்சா?” என்றார் அக்கா.

“அதெல்லாம் மறக்கமாட்டார்” என்றார் தங்கை. ஆனால் அந்த முகத்தில் ஓரம் லேசாகக் கலங்கத் தொடங்கியிருந்தது. ‘ஓ’ என்று சொல்வதற்கு முன்னால் முகம் எப்படிக் கூம்பும் என்று ஹெட்லியை விட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

அவர் திரும்பி ரோவினாவைப் பார்த்தார். கெஞ்சவில்லை, அந்தக் கலை அவருக்கு வராது. சந்திப்பில் நிற்கிற வண்டி இரண்டு பக்கமும் பார்ப்பதுபோல், வெறுமே பார்த்தார்.

ரோவினா பலகையைப் பார்த்தார். பிறகு ஊதாக் கோட்டைப் பார்த்தார். அந்த இரண்டு கைகளையும், இரண்டு பைகளையும் பார்த்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

பேனாவைப் பலகையில் செருகினார். வலக்கையை உயர்த்தி, உள்ளங்கையை மேலாக வைத்து, விரல்களை இரண்டு தரம் மடக்கினார்.

ஹெட்லி வலத்தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, மரச்சாவியைக் கையில் எடுத்தார்.